பதினேழாம் இடத்துக் குலவை

இடது கையின் ஆட்காட்டி விரல் ஒரு பொத்தானை அழுத்தியது. சின்னத் திரையில் ஓர் எண் வந்தது. வலது கை அதைக் கட்டம் போட்ட தாளில் எழுதியது. எழுதியதும் பேனா அந்த எண்ணின் மேலேயே நின்றது. கண் ஒருமுறை திரைக்குப் போய்த் தாளுக்குத் திரும்பிய பிறகுதான் விரல் அடுத்த எண்ணுக்கு நகர்ந்தது. இப்படி நூற்று நாற்பத்தைந்து தடவை.

எல்லாம் பூஜ்யத்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் இடைப்பட்ட எண்கள். அத்தனையும் சேர்ந்தால் ஓர் ஒலி. அந்தப் பழைய கீபோர்டில் முப்பத்திரண்டு ஒலிகளுக்கு இடம் உண்டு; அந்தக் கைகள் எழுதிக்கொண்டிருந்தது பதினேழாவது இடத்தில் இருந்த ஒன்றை.

முன்னிருந்து பின்னாக ஒருமுறை எழுதி முடித்து, சாப்பிட்டு வந்து, பின்னிருந்து முன்னாக ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம். ஒரே திசையில் இரண்டு தடவை போனால், முதல் தடவை செய்த தவறையே கண் இரண்டாம் தடவையும் செய்யும். திங்கட்கிழமை பிற்பகல் அப்படித் திரும்பி வரும்போது எண்பத்தெட்டாவது எண்ணில் கை நின்றது. காலையில் எழுதியது 41. திரையில் இருந்தது 42. அடுத்த எண்ணுக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தாலும் 42. தன் தவறுதான் என்று முடிவு செய்து, 41-இன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 42 என்று எழுதினார் மன்சூர் அலி. அடித்த எண் பிறகும் படிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். கிறுக்கி மறைக்கக் கூடாது. அது அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி வட்டாரத்தில் கோயில் கொடை, கல்யாணம், காதுகுத்து என்று மேடை ஏறும் கச்சேரிக் குழுக்களின் கீபோர்டு எது பழுதானாலும் பாளையம்பட்டியில் இருக்கும் அவர் கடைக்குத்தான் வரும். கடைக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். பகல் முழுக்கத் தறிச் சத்தம். முன்னால் கடை, பின்னால் வீடு. கீபோர்டை ஹெட்போனில்தான் கேட்க முடியும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். தறி ஒரே சீராக ஓடுவதால் அது காதிலிருந்து கழன்று விழுந்துவிடும் என்பார் அவர்.

பத்தாவதோடு படிப்பு முடிந்தது. இருபத்தெட்டு வயதில் சார்ஜாவுக்கு, ஒலி பெருக்கி வாடகைக்கு விடும் கம்பெனியில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போனார். மேடையில் செத்துப்போன கீபோர்டுகளைக் குப்பைக்கு ஒதுக்குவார்கள். அவற்றில் ஒன்றை விடுமுறை நாளில் திறந்து பார்த்தார், மூடத் தெரியவில்லை. மூடுவதற்காகவே சர்வீஸ் மேனுவல் படித்தார். பதினோரு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது இரண்டு பெட்டிகளில் ஒன்று முழுக்க மேனுவல். அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு டீ கேட்க வராது. எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்பதைப் பிழையில்லாமல் சொல்வார்.

எந்தப் பெட்டி வந்தாலும் திருப்புளியைத் தொடுவதற்கு முன் ஒரு தாள் எழுதுவார். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘வந்தபோது இருந்தது.’ எத்தனை திருகு, எது குறைகிறது, எந்தக் கட்டை ஒட்டுகிறது, நினைவில் என்ன எண் இருக்கிறது. சரி செய்கிறேன் என்று கெடுப்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் என்பது அவர் அனுபவம்.

அந்தக் கீபோர்டு எம்.ரெட்டியபட்டி சின்னத்துரையுடையது. அவருக்கு அறுபத்தாறு வயது. நாலு ஏக்கர் பருத்தி, மீதி நேரம் கச்சேரி. சென்ற வருடம் பங்குனிப் பொங்கலன்று கீபோர்டைப் போட்டபோது திரை மங்கி, மங்கி, அணைந்து, பிறகு எப்படியோ வந்தது. அதற்குள் ஊருக்கு முன்னால் ஒரு காரியம் கெட்டுவிட்டது.

அந்த ஊரில் முளைப்பாரி தூக்கும்போது குலவைக்கு ஒரு முறை இருக்கிறது. எல்லாப் பெண்களும் ஒன்றாகத் தொடங்க மாட்டார்கள். ஒருத்தி முதலில் எடுத்துக் கொடுப்பாள். அவள் நாக்கு சுழன்று ஏறி, ஒரு மூச்சு வாங்குகிற இடத்தில் மற்றவர்கள் நுழைவார்கள். அந்த இடம் கிடைத்தால்தான் பாரி தலைக்கு ஏறும். பல வருடம் எடுத்துக் கொடுத்தவள் சின்னத்துரையின் மனைவி சுந்தராம்பாள். 2001-இல் காய்ச்சலில் போனாள். அப்போது முப்பத்தெட்டு வயது. அதற்குப் பிறகு எடுத்துக் கொடுத்தது அவர் கீபோர்டு.

அது பதிவு செய்த குரல் இல்லை. அந்த ரக டிஜிட்டல் கீபோர்டில் எதையும் பதிவு செய்ய முடியாது. உள்ளே இருப்பது கணக்கு. ஓர் அலை இன்னோர் அலையை ஆட்டும், அது மற்றொன்றை ஆட்டும். எவ்வளவு, எத்தனை வேகத்தில் என்பதைத்தான் எண்கள் சொல்லும். 1992-இல் மூன்று மாதம், பருத்தி எடுத்த பிறகு வேலையில்லாத நாட்களில், சின்னத்துரை மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளைக் குலவை போடச் சொல்லி, எண்ணை மாற்றி, மறுபடி போடச் சொல்லி, மாற்றி, கடைசியில் அவளுடைய முன்பல் இடைவெளியில் வரும் விசில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். தொண்டை வறண்டு போய் அவள் சொன்னாளாம், “இந்தப் பொட்டிக்குச் சோறும் வேண்டாம், சேலையும் வேண்டாம். இதையே கட்டிக்கோங்க.”

சென்ற வருடம் திரை அணைந்தபோது பக்கத்தில் நின்ற சங்கர் தன் கீபோர்டில் குலவையைத் தட்டினான். சங்கர் அதே ஊர்க்காரன், அதே குழுவில் இன்னொரு கீபோர்டு வாசிப்பவன், முப்பது வயது. அவனுடையது புதியது. முப்பது பெண்கள் ஸ்டுடியோவில் நின்று போட்ட உண்மையான குலவை அதில் இருந்தது. ஒலி பிரமாதமாகத்தான் வந்தது. ஆனால் பாரிச் சட்டியை இடுப்பில் வைத்திருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நுழைய இடமே இல்லை. சின்னத்துரையின் திரை மறுபடி எரியும்வரை, கால் மணி நேரம், ஊரே வெயிலில் அப்படியே நின்றது.

எது நல்லது, பழசா புதுசா என்ற பேச்சு மன்சூர் அலி கடையில் தினமும் நடப்பதுதான். வருகிற ஆளைப் பொறுத்துத் தீர்ப்பு மாறும். புதியது ஆறு கிலோ, பைக்கில் முதுகில் மாட்டிக்கொண்டு போகலாம். பழையது பதினாலு கிலோ, ஷேர் ஆட்டோவில் அதற்கும் ஓர் ஆள் இடம் வேண்டும். புதியதில் பாட்டுக்கு ஓர் ஒலியைப் பென்டிரைவில் கொண்டு வரலாம். ஆனால் ஜெனரேட்டர் ஒருமுறை விக்கினால் அது விழித்து எழ முக்கால் நிமிடம் ஆகும். பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதுதான். பழையது கரண்ட் வந்த கணமே வாசிக்கும். புதியதன் ஒலி ஹெட்போனில் தேன். புனல் ஸ்பீக்கரில் கஞ்சி. பழையதன் ஒலி தகரம். அந்தத் தகரம்தான் நாலு தெரு தாண்டிப் போகும். மன்சூர் அலிக்கென்று கேட்டால் புதியதுதான் நல்லது என்பார். கெட்டால் சர்க்யூட் பலகையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

சங்கருக்கு இதில் சந்தேகமே இருந்ததில்லை. பழைய கீபோர்டைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, சின்னத்துரை டீ குடிக்கப் போன நேரத்தில், அவன் மெதுவாகச் சொன்னான்: “இதுல இருக்குறது கால்குலேட்டரு பாய். என்கிட்ட இருக்குறது மனுசக் குரலு. ஒத்த ஆளு குலவையும் மதுரையில ரெக்கார்டு பண்ணி வாங்கிட்டேன். மாமா மனசு நோகக்கூடாதுன்னு சொல்லாம வச்சிருக்கேன்.”

விஷயம் இதுதான். கீபோர்டுக்குள் ஒரு ரூபாய் அளவில் ஒரு பேட்டரி, பலகையோடு பற்றவைத்தது. மின்சாரம் இல்லாதபோது அந்த எண்களைப் பிடித்துக்கொண்டிருப்பது அது. வாசிக்கிறவர்கள் அதை உயிர் என்பார்கள். மூன்று வோல்ட் இருக்க வேண்டியது இரண்டுக்கும் கீழே வந்திருந்தது. அதைக் கழற்றினால் பதினேழாம் இடம் காலி. கழற்றாவிட்டால் இன்றோ நாளையோ தானே காலி. பங்குனிப் பொங்கல் அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை. சின்னத்துரை ஒரு பழைய நோட்டையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். 1992-இல் அவர் எழுதிவைத்த எண்கள். தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளச் சொன்னார். போகும்போது கீபோர்டின் ஓரத்தில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போனார்.

எண்களை எழுதிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மன்சூர் அலி உயிரை மாற்றினார். முதலில் வெளியே இன்னொரு பேட்டரியை இரண்டு கம்பிகளில் இணைத்து, அது தாங்கிக்கொள்வதை மீட்டரில் பார்த்த பிறகு பழையதைப் பெயர்த்தெடுத்தார். புதியதைப் பற்றவைத்து, கம்பிகளைக் கடைசியாக எடுத்தார். திரையில் பெயர் அப்படியே இருந்தது. சுந்தரா, ஆங்கில எழுத்தில்.

வேலை முடிந்ததும் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்க்க ஒரு கட்டையை அழுத்தினார். அதே நொடியில் கரண்ட் போனது. இரண்டு பக்கத் தறிகளும் ஒன்றாக நின்றன. கடை மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தது. காலையிலிருந்து காதை அடைத்திருந்த சத்தம் விலகிய அந்த வெறுமையில் ஒற்றைக் குலவை ஏறியது. அடித்தொண்டையில் தொடங்கி, நாக்கு சுழன்று, மேலே போய், நடுங்கியது. விரல் கட்டையின் மேலேயே இருந்தது. ஆனாலும் அது நடுவில் நின்று, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கியது. எந்த எண் அதைச் செய்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் விரலை எடுத்துவிட்டார்.

பின்கட்டிலிருந்து அவர் மனைவி ரஹ்மத் நிஷா குரல் கொடுத்தார்: “யாரோ வயசானவுக வந்திருக்காக போல. உக்காரச் சொல்லுங்க. தண்ணி கொண்டு வாரேன்.”

செம்போடு வந்து நின்றவர் கடையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். போய்விட்டார்களா என்று கேட்டார். கீபோர்டு என்று மன்சூர் அலி சொன்னார். ரஹ்மத் நிஷா நம்பாமல் செம்பை மேசை மேல் வைத்தார். “அந்தம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். வெயில்ல வந்த குரலு மாதிரி இருந்துச்சு.”

அன்று மாலைதான் மன்சூர் அலி நோட்டைப் பிரித்துத் தன் தாளோடு வைத்துப் பார்த்தார். நூற்று முப்பத்துநாலு எண்கள் பொருந்தின. பதினொன்று பொருந்தவில்லை.

இறங்கிப்போன பேட்டரி எண்களை எப்படிக் கெடுக்கும் என்று அவருக்குத் தெரியும். மொத்தமாக அழிக்கும், அல்லது பூஜ்யத்துக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் தாறுமாறாகத் தாவவைக்கும், பெயரில் கிறுக்கல் எழுத்து வரும். இங்கே பெயர் சுத்தம். மற்ற முப்பத்தோரு ஒலிகளும் கம்பெனி கொடுத்தபடியே இருந்தன. பதினேழில் மட்டும் பதினொரு எண்கள், அத்தனையும் மேல்நோக்கி, இரண்டு, ஐந்து, ஒன்பது என்று ஏறியிருந்தன. எதை ஆளுகிற எண்கள் என்று மேனுவலை வைத்துப் பார்த்தார். நடுக்கம். மூச்சு வாங்கும் வேகம். கடைசியில் சுருதி இறங்கும் அளவு. பல் விசிலின் அகலம்.

வருடக்கணக்கில் சின்னத்துரையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியிருப்பாரோ என்று முதலில் தோன்றியது. கேட்டுவிடலாம் என்று புதன்கிழமை காலை இரண்டு தடவை போன் போட்டார். பருத்திக் காட்டில் டவர் கிடைக்கவில்லை. பிறகு அவர் ஒரு முடிவெடுத்தார். செய்தவன் கைப்பட எழுதிய நோட்டு இருக்கும்போது, சாகக் கிடந்த பேட்டரி காட்டிய எண்ணை நம்புவது ஏன்? நோட்டில் உள்ளதையே வைத்துவிடலாம். வந்தபோது இருந்ததுதான் தாளில் இருக்கிறதே என்ற தைரியமும் இருந்தது.

பதினொரு எண்களையும் திருத்தினார். நிலையாக வைப்பதற்கு ‘ஸ்டோர்’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார். அமுங்கவில்லை. கல்லைத் தொட்டது போல இருந்தது.

மேல்பலகையைக் கழற்றித் திருப்பினார். அந்தப் பொத்தானின் அடியில் கரிசல் மண்ணால் ஒரு கூடு. குளவி கட்டியது, பல வருடத்துக் கூடு, காய்ந்து சுவிட்சோடு சேர்ந்து பாறையாகியிருந்தது. சின்ன உளியால் பெயர்த்துத் தாளில் வைத்தார். உள்ளே காற்றுப் பட்டால் பறக்கும் புழுத்தோல்கள். குலவை தேடிப் போன இடத்தில் குளவி என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டே சுவிட்சை மாற்றினார். இப்போது பொத்தான் சொடக்கென்று அமுங்கியது. எண்கள் நிலைத்தன.

திருகுகளைப் போட்டு மூடும்போதுதான் கை நின்றது. இந்தப் பொத்தான் அமுங்காமல் உள்ளே ஓர் எண்ணையும் நிலையாக மாற்ற முடியாது. அதற்கு வேறு வழியே கிடையாது. மேனுவலில் அவர் மறுபடியும் தேடினார். கூடு எத்தனை வருடத்துக்கு முந்தியது? அத்தனை வருடமாக உள்ளே எவர் கையும் போயிருக்க முடியாது.

கட்டையை அழுத்திப் பார்த்தார். தெளிவான, உரத்த, இளம் குலவை. பிசிறே இல்லை. உள்ளே போய் மனைவியிடம் கேட்டார், இப்போது கேட்டதா என்று. கேட்டது என்றார் ரஹ்மத் நிஷா. “இது வேற ஆளு. சின்னப் பிள்ள.”

வியாழக்கிழமை முற்பகல் சங்கரின் ஆம்னி வேனில் இருவரும் வந்தார்கள். சின்னத்துரை தோளிலிருந்து துண்டை எடுத்துக் கையைத் துடைத்துவிட்டுத்தான் கட்டையைத் தொட்டார். குலவை வந்தது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. பழைய போட்டோவில் தன்னையே பார்க்கிறவரின் சிரிப்பு. இன்னொரு தடவை அழுத்தினார். பிறகு காத்திருப்பவர் போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

“நல்லா இருக்கு பாய். இது நான் செஞ்சது,” என்றார். “அவ எங்க?”

மன்சூர் அலி தாளையும் நோட்டையும் மேசையில் விரித்து, பதினொரு எண்களையும் காட்டி, நோட்டை நம்பி மாற்றியது தான்தான் என்றும், கேட்காமல் செய்தது தவறு என்றும் சொன்னார். பிறகு குளவிக்கூட்டைத் தாளோடு நகர்த்தி வைத்தார்.

சின்னத்துரை அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “அவ தவறுன வருசம் இந்தப் பொட்டியப் பருத்திக் குடோன்ல போட்டுட்டேன். ஒரு வருசம் திரும்பிப் பாக்கல. வெளிய எடுத்தப்பவே இந்தப் பட்டன் அமுங்கல. வாசிச்சாப் போதும்னு விட்டுட்டேன்.”

“அப்ப நம்பர மாத்துனது யாரு மாமா?” என்று கேட்டான் சங்கர்.

சின்னத்துரை கூட்டைத் தாளின் மேல் பத்திரமாக வைத்தார். முதலில் தன் காதுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தாராம். ஏழெட்டு வருடத்துக்கு முன் சுந்தராம்பாளின் தங்கை பொங்கலுக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் நின்று கேட்டுவிட்டு, “அக்காளுக்குக் குரல் ஒடஞ்சிருச்சே” என்று சொன்னாள். அதற்குப் பிறகு அவர் உன்னித்துக் கேட்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வருடமும் மூச்சு கொஞ்சம் சீக்கிரம் வாங்குகிறது. கடைசியில் சுருதி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது.

“வயசாகுதுல்ல,” என்றார். “எனக்கு மட்டுமா ஆகும்?”

பேட்டரி இறங்கினால் அப்படி ஆகும் என்று சங்கர் தொடங்கினான். ஆகாது என்று மன்சூர் அலி சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. சங்கர் ஸ்டூலை இழுத்து, வாசலுக்குப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்தான்.

வந்தபோது இருந்ததைத் திரும்ப வைப்பதுதான் இனி வேலை. தாளைப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக ஏற்றினார். சின்னத்துரை நாற்காலி நுனியில் உட்கார்ந்து கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கைகள் மடியில் ஒன்றை ஒன்று பிடித்திருந்தன. ஒருமுறை மட்டும் கேட்டார், “வந்துருவாள்ல பாய்?” எண் இருக்கிறது, வைத்துவிடலாம் என்றார் மன்சூர் அலி.

பதினொன்றும் ஏற்றி முடித்து, ஸ்டோர் அழுத்தி, கட்டையைச் சின்னத்துரைக்கு விட்டார். குலவை ஏறியது, நடுங்கியது, மூச்சு வாங்கியது. சின்னத்துரை கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. பிறகு தலையை மெல்ல ஆட்டினார்.

“பக்கத்துல வந்துட்டா. வாசல்ல நிக்கிறா. உள்ள வரல.”

மன்சூர் அலி தாளையும் திரையையும் முன்னிருந்து பின்னாக ஒப்பிட்டார். பின்னிருந்து முன்னாக ஒப்பிட்டார். எல்லாம் பொருந்தின. தாளில் உள்ளதுதான் உள்ளே இருந்தது. திரும்பி வரும்போது எண்பத்தெட்டாவது இடத்தில் பேனா நின்றது. மூச்சுக்கான எண். ஒற்றைக் கோடு இழுத்த 41. பக்கத்தில் 42. இரண்டும் அவர் கையெழுத்து. திங்கட்கிழமை காலையில் ஒன்று, அன்றே பிற்பகலில் ஒன்று.

நோட்டின் எண்ணை அவர் ஏற்றியது புதன்கிழமை. இடையில் ஒரு முழு நாள் இருந்தது. அன்று அந்த எண் எவ்வளவு ஏறியது என்று தாளில் இல்லை.

முப்பது வருடமாக ஒவ்வொரு தவறையும் தன் தவறு என்றே எடுத்துக்கொண்டு பழகிய மனிதர் அவர். திங்கட்கிழமை தான் தவறவில்லை என்பது அப்போது அவருக்குத் தெரிந்தது. தவறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இடது கை விரலால் எண்ணை ஒன்று ஏற்றினார். 43. தாளில் 42-இன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் 43 எழுதினார். ஸ்டோர் அழுத்தினார். சின்னத்துரையைப் பார்த்தார்.

சின்னத்துரை கட்டையை அழுத்தினார்.

குலவை ஏறி, நடுங்கி, மூச்சு வாங்கிய இடத்தில் சின்னத்துரையின் உதடு தானாகப் பிரிந்தது. பின்கட்டுக் கதவு திறந்தது. ரஹ்மத் நிஷா செம்பில் தண்ணீரோடு, “வாங்கம்மா, போன தடவ குடிக்காமப் போயிட்டீக,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று ஆண்களையும் பார்த்தார். செம்பை நீட்டிய கை அப்படியே நின்றது. வாசலோரத்தில் இருந்த சங்கர் எழுந்து, ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, உள்ளே வந்து நின்றான்.

சின்னத்துரை கட்டையிலிருந்து கையை எடுத்தார். தறிச் சத்தம் மறுபடி கேட்டது.

மன்சூர் அலி தன் வேலையைப் பார்த்தார். மேல்பலகையின் பதினாறு திருகுகளையும் குறுக்குவாட்டில் மாற்றி மாற்றி இறுக்கினார். கட்டைகளுக்கு இடையில் இருந்த தூசியைத் தூரிகையால் எடுத்தார். மின்கம்பியைச் சுருட்டி முடிச்சுப் போட்டார். கடைசியாக, எந்தப் பெட்டியையும் கடையை விட்டு அனுப்பும் முன் செய்வதைச் செய்தார்: இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, திரையில் ஒரு சொல்லை வரவழைத்தார்.

அது என்ன என்று சின்னத்துரை கேட்டார்.

“பூட்டுண்ணே. இதப் போட்டுட்டா உள்ள ஒரு நம்பரும் மாறாது. கை தவறிப் பட்டாக்கூட.”

“இத்தன வருசம் பூட்டிக் கெடந்துச்சா?”

மன்சூர் அலி தாளைப் பார்த்தார். வந்தபோது இருந்தது என்ற தலைப்பின் கீழே அதையும் எழுதியிருந்தார். “இல்ல. தெறந்துதான் இருந்துச்சு.”

“அப்பத் தெறந்தே இருக்கட்டும் பாய்.”

பூட்டாமல் ஒரு பெட்டியை அவர் இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. அடுத்த வருடம் அந்த எண் என்னவாக இருக்கும் என்று கேட்க நினைத்தார், கேட்கவில்லை. தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அந்தக் கீபோர்டில் எண் கிடையாது என்பதை மட்டும் சொல்லலாமா என்று யோசித்தார். சின்னத்துரைக்கும் அது தெரியும். அந்த எண்களோடு மூன்று மாதம் உட்கார்ந்தவர் அவர்தான்.

இரண்டு பொத்தான்களையும் மறுபடி சேர்த்து அழுத்தினார். திரையில் இருந்த சொல் மாறியது. மின்சாரத்தை அணைத்து, கீபோர்டை உறைக்குள் நுழைத்து, ஜிப்பை இழுத்தார். சங்கர் உதவிக்கு வந்தான். சின்னத்துரை வேண்டாம் என்று கை காட்டினார்.

மன்சூர் அலி இரண்டு கைகளாலும் தூக்கி, மேசைக்கு மேலாக நீட்டினார். சின்னத்துரை அடியில் கை கொடுத்தார். பதினாலு கிலோவும் மெல்ல ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்ந்தது.

“புடிச்சிட்டீகளாண்ணே?”

“புடிச்சிட்டேன்.”

மன்சூர் அலி கையை விட்டார்.